தொப்பூர் இறக்கத்தில் ஸ்டெப்னி தேடலாமா?

பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபமும் இருக்கிறது. பொறுத்துக்கொண்டு முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கோழித் தீவன ஆலை ஒன்றில் மூட்டை எடை போடும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன். 50 கிலோ வந்ததும் கதவு மூட வேண்டும். காலையில் சரியாக மூடியது. மதியத்துக்கு மேல் சில மூட்டைகளுக்கு மட்டும் தாமதமாக மூடி, தீவனம் கூடுதலாக விழுந்தது. இரண்டு வாரமாக மூட்டை பிடிக்கிற பையன்தான் திட்டு வாங்கினான். கவனமில்லை என்று ஒரு நாள் கூலியும் பிடித்துவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் தப்பு இவன் எழுதிய டிரைவரில். அதற்கு இவன் சொல்கிறான்: "ஆவரேஜ் லேட்டன்சி நல்லாத்தான் சார் இருந்துச்சு. மெமரி இப்ப மலிவுதானே, வேணும்கிறப்ப கேட்டுக்கலாம்னு எழுதிட்டேன்."

அந்த ஒரு பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நாமக்கல்லில் டிரைவர் என்றால் லாரி டிரைவர். கம்ப்யூட்டரில் டிரைவர் என்பது கருவிக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நிற்கும் நிரல். எடைக் கருவி அனுப்பும் எண்களை வாங்கி வைக்க அதற்கு மெமரியில் இடம் வேண்டும். அந்த இடத்தை எப்போது கேட்பது என்பதுதான் கேள்வி. நம்ம ஊர் லாரி டிரைவர் வண்டி எடுக்கும் முன்பே டீசல், ஸ்டெப்னி, பிரேக் எல்லாம் பார்த்துவிடுவார். தொப்பூர் இறக்கத்தில் நின்றுகொண்டு ஸ்டெப்னி எங்கே விற்கும் என்று விசாரிக்க மாட்டார். நம் பிள்ளை எழுதிய டிரைவர் அதைத்தான் செய்தது.

ஒவ்வொரு முறை எடை வரும்போதும் 64 கேபி இடம் கேட்டது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தது. லினக்ஸில் வழக்கமாக ஒரு பக்கம் 4 கேபி. அப்படியானால் 16 பக்கங்கள், அதுவும் ஒட்டி ஒட்டி வேண்டும். காலையில் மெமரி காலியாக இருக்கும், உடனே கிடைக்கும். நேரம் போகப் போக, படித்த கோப்பு, எழுதிய கோப்பு என்று கர்னல் மிச்ச இடத்தையெல்லாம் நிரப்பி வைத்துக்கொள்ளும். அது தப்பில்லை, வேகத்துக்காகச் செய்வது. மதியம் சேலம் பஸ்ஸில் 16 சீட் காலி, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒரே குடும்பம் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் எத்தனை பேரை எழுப்பி மாற்றி உட்கார வைக்க வேண்டும்?

இவன் கேட்டது ஜிஎஃப்பி_கெர்னல் என்ற முறையில். "தா, இல்லாவிட்டால் காத்திருக்கிறேன்" என்பது அதன் பொருள். ஆளை எழுப்பி இடம் ஒதுக்கும் வேலை அப்போது கேட்டவன் தலையிலேயே விழும். மெதுவான மெமரி கார்டில் எழுதி முடியும் வரை நிற்கவும் நேரிடும். கதவு அதுவரை திறந்தே கிடக்கும்.

"அப்படின்னா ஜிஎஃப்பி_அட்டாமிக் போட்டுடலாமே சார்?" என்று கேட்பவர்கள் கவனியுங்கள். அது காத்திருக்காது, உண்மை. ஆனால் "இல்லை" என்ற பதில் வரலாம். தூங்கவே கூடாத இன்டரப்ட் போன்ற இடங்களுக்காக வைத்திருக்கும் அவசரக் கையிருப்பிலும் அது கை வைக்கும். சோம்பலுக்காக அதை எடுப்பது, ஆம்புலன்ஸுக்கு விட்ட வழியில் கார் ஓட்டுகிற புத்தி.

சரியான வழி பழைய வழிதான். கருவியை அடையாளம் கண்டு டிரைவர் தொடங்கும்போதே, புரோப் நிலையில், வேண்டிய இடத்தை வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அங்கேயே பிழை சொல்லி நில்லுங்கள். அதன்பிறகு அதே இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துங்கள். நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் பாக்கெட் வரும் முன்பே வளையத்தில் இடம் நிரப்பிக் காத்திருப்பது இதனால்தான்.

முன்கூட்டியே பிடித்து வைத்தால் மெமரி வீண் என்பார்கள். கணக்குப் போடுங்கள். 64 கேபி வீதம் நான்கு என்றால் 256 கேபி. 1 ஜிபி இயந்திரத்தில் அது 4096இல் ஒரு பங்கு. இதுவா வீண்? மெமரி மலிவு என்பது முன்னாலேயே வாங்கி வைக்கத்தான் காரணம், கடைசி நொடியில் கேட்க அல்ல.

சராசரி நல்லா இருந்தது என்பது இன்னும் மோசமான சமாதானம். ஆயிரம் மூட்டைக்குச் சராசரி சரி. தப்பிய ஒரு மூட்டைக்குத் திட்டு வாங்கியவன் சராசரியிலா வாங்கினான்? கருவி வேலையில் பார்க்க வேண்டியது மிக மோசமான தாமதத்தை.

இது என் பிடிவாதம் மட்டுமல்ல. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் பாதுகாப்பான நிரலுக்குப் பத்து விதிகள் எழுதினார். மூன்றாவது விதி: தொடக்க வேலை முடிந்த பிறகு புதிதாக மெமரி கேட்காதே. 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12இல் ரியல்-டைம் வசதி கர்னலோடு சேர்ந்துவிட்டது. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர் பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் வகைக்கும் அது உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் நடுவழியில் நீங்களே நின்று மெமரி கேட்டால் எந்தக் கர்னலும் உங்களைக் காப்பாற்றாது.

என் மேலும் தப்பு உண்டு. பிளஸ் டூவில் சி++ நடத்தும்போது "நியூ என்று எழுதினால் இடம் கிடைக்கும்" என்றேன். எவ்வளவு நேரத்தில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன என்று சொல்லித் தரவில்லை. 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதன் கர்னலின் மூல நிரல் யாரும் படிக்கலாம். அதைத் திறந்து காட்டாமல், "அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்துக்கலாமா சார்" என்று கேட்டவர்களுக்குத் தலையாட்டினேன்.

போன் செய்த தம்பிக்கு: கோடைத் திருத்திவிட்டாய், சரி. வேலை அதோடு முடியவில்லை. ஆலைக்கு நேரில் போ. முதலாளி முன்னாலேயே "தப்பு என்னோடது, பையனோடது இல்லை" என்று சொல். அவன் கூலியை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, இந்தப் பதிவின் கீழே எழுது.

மற்ற பிள்ளைகள் இன்று ராத்திரி உங்கள் டிரைவரைத் திறந்து, ஓடுகிற வழியில் எங்கெல்லாம் மெமரி கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையைக் கீழே போடுங்கள். பூஜ்யம் வந்தவர்களுக்கு நூற்றுக்கு நூறு.

அன்புடன்,
உங்கள் பழைய கம்ப்யூட்டர் வாத்தியார்