தனிமையைத் தேடினவன் எல்லாம் ஓடிப்போனவனா?

"மலை, மரம், தனிமை, ஆன்மீகம்னு எழுதறவன் எல்லாம் ஊர்ப் பிரச்சினைக்குப் பயந்து ஓடினவன்." நம்மூர் முற்போக்கு நண்பர்கள் வருஷக்கணக்காகச் சொல்கிற விஷயம்தான். போன வாரம் ஹிஞ்சேவாடி கேண்டீனிலும் ஒருத்தர் ஆரம்பித்துவிட்டார். எரிச்சலாக இருக்கிறது சாமி.

இங்கிருந்து தேஹு அதிக தூரமில்லை. டிராஃபிக் இல்லாத நேரத்தில் (அப்படி ஒன்று இருந்தால்) ஒரு மணிக்குள் போய்விடலாம். துக்காராமின் ஊர். மனுஷர் பிறவிச் சாமியார் இல்லை, பதினேழாம் நூற்றாண்டு மளிகைக்கடைக்காரர். வட்டிக்குக் கொடுத்து வாங்கின குடும்பம். 1630ல் ஆரம்பித்த தக்காணப் பஞ்சத்தில் முதல் மனைவி போனாள், பிள்ளை போனான், கடையும் போச்சு. பாமசந்திர மலையில் போய்த் தனியாகக் கிடந்தார். தம்பி தேடிக் கண்டுபிடித்தார்.

இதுவரைக்கும் கேட்டால் ஓடிப்போன கதை மாதிரிதான் தெரியும். இறங்கி வந்து என்ன செய்தார்? ஊரார் எழுதிக்கொடுத்த கடன் பத்திரங்களைத் தம்பியோடு சரிபாதி பிரித்து, தன் பங்கை இந்திராயணி ஆற்றில் போட்டார். வாரகரிகள் இன்றைக்கும் சொல்கிற கதை இது. பஞ்சத்தில் அடிபட்ட ஊரில், வரவேண்டிய கடனை வேண்டாம் என்றவன் பயந்தாங்கொள்ளியா? காடும் கொடியும் சொந்தபந்தம் என்று பாடினது இந்த ஆள்தான்.

இதே நண்பர் தோரோ என்றால் மட்டும் உருகுவார். அவரும் வால்டன் குளக்கரையில் தனியாக இருந்த காலத்தில்தான், 1846ல், வரி கட்டமாட்டேன் என்று ஒரு ராத்திரி ஜெயிலில் இருந்தார். அமெரிக்கர் செய்தால் போராட்டம், தேஹுக்காரர் செய்தால் ஓட்டமா? என்ன நியாயம்ங்க இது?

லோனாவாலா ரிசார்ட்டில் காசு கட்டி 'அக அமைதி' வாங்குகிற கோஷ்டியைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அதற்கும் இலக்கியத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. சாக்கன் பக்கம் அதே பாமசந்திர மலைக்குக் கிட்டே, ஷிண்டே வாசுலியில், டவ் கெமிக்கல் ஆராய்ச்சிக்கூடம் கட்ட வந்தது. போபால் யூனியன் கார்பைடை 2001ல் வாங்கிய அதே டவ். 2008ல் ஊர்க்காரர்களும் வாரகரிகளும் தெருவில் இறங்கினார்கள். துக்காராம் உட்கார்ந்த மலை, அவர் ஆறு என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கடைசியில் டவ் அந்த இடத்தை விட்டே போனது.

தனிமை இலக்கியம் யாரையும் எழுப்பாது என்கிறவர்கள் அந்த ஊரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பைக்கில் நானே கூட்டிப்போகிறேன். பெட்ரோல் உங்கள் செலவு :-)