ஓட்டைப் பிடுங்கிக்கொண்டு விசுவாசம் கேட்பது என்ன நியாயம்?

எஸ்தோனியா என்ற குட்டி நாட்டை, இன்டர்நெட்டில் ஓட்டுப் போடும் நாடு என்று நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005 உள்ளாட்சித் தேர்தலிலேயே அதைச் செய்து காட்டியவர்கள். அதே நாடு 2025 மார்ச் 26 அன்று அரசியல் சட்டத்தைத் திருத்தி, காலங்காலமாக அங்கேயே வாழும் ஒரு பெருங்கூட்டத்தின் உள்ளாட்சி ஓட்டைப் பறித்தது. 101 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் ஆதரவு 93, எதிர்ப்பு வெறும் 7. இது தப்பு என்பதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கொஞ்சம் பழைய கதை. 1940-ல் சோவியத் யூனியன் எஸ்தோனியாவை விழுங்கியது. பிறகு ஆலை வேலை, சுரங்க வேலை என்று ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். 1991-ல் நாடு விடுதலை ஆனதும், ஆக்கிரமிப்புக்கு முன்பு குடிமக்களாக இருந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் மட்டுமே தானாகக் குடிமக்கள் ஆனார்கள். மற்றவர்கள் எஸ்தோனிய மொழித் தேர்வு எழுதித்தான் வர வேண்டும். சிலர் எழுதினார்கள். சிலர் ரஷ்யக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்கள். மிச்சப் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் சாம்பல் நிற பாஸ்போர்ட்டோடு நின்றுவிட்டார்கள். திருத்தம் வந்தபோது அங்கே ரஷ்யக் குடிமக்கள் சுமார் 80,000 பேர், நாடற்றவர்கள் சுமார் 60,000 பேர்.

இவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு எப்போதுமே கிடையாது. கட்சிகளில் சேரவும் முடியாது. ஆனால் 1992 அரசியல் சட்டத்தின் 156-வது பிரிவு ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. நிரந்தரமாக வசிக்கும் ஊரின் மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அந்த ஜன்னலைத்தான் இப்போது சாத்திவிட்டார்கள்.

எதிர்த்தரப்பு சொல்வதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் பெரும்படையோடு புகுந்தது. எல்லையில் அப்படி ஒரு நாடு இருந்தால் பயம் வரத்தான் செய்யும். "ஆக்கிரமிக்கிற நாட்டின் குடிமகன் நம் ஊரை ஆள்வது யார் என்று தீர்மானிப்பதா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

அப்படியானால் நாடற்றவன் என்ன பாவம் செய்தான்? அவனிடம் ரஷ்ய பாஸ்போர்ட்டே இல்லையே! 2025 அக்டோபர் தேர்தலில் அவனுக்குக் கடைசியாக ஒரு ஓட்டு, அத்தோடு சரி என்று எழுதிவிட்டார்கள். ஆபத்தானவன் என்றால் அக்டோபரில் ஏன் விட்டார்கள்? ஆபத்தில்லாதவன் என்றால் அதற்குப் பிறகு ஏன் தடுக்கிறார்கள்? யாராவது மாஸ்கோவுக்கு வேலை பார்த்தால் அந்த ஆளைப் பிடித்து வழக்குப் போடுங்கள். நகராட்சி மன்றம் முடிவு செய்வது பாலர் பள்ளியையும் ரோட்டையும் பஸ்ஸையும்தான். ராணுவத்தை அல்ல.

"மொழியைக் கற்றுக் குடிமகனாக வேண்டியதுதானே?" இளைஞர்களுக்குச் சரி. எழுபது வயதில், 14 வேற்றுமை உருபுகள் உள்ள ஒரு மொழியில் தேர்வு எழுதச் சொல்வது வேறு. தவிர, 2016 முதல் நாடற்றவர்களுக்கு அங்கே பிறக்கும் குழந்தைகள் தானாகவே குடிமக்கள் ஆகிறார்கள். ஒரு தலைமுறையில் தானாகக் கரையப் போகிற பிரச்சினைக்கு அரசியல் சட்டத்தில் கை வைப்பானேன்?

காமர்ஸ் படிக்கிறவனாக எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. நம் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 48. ஒரு வகைப் பங்குதாரர்களின் உரிமையை மாற்ற வேண்டுமானால், அந்த வகைக்காரர்களில் முக்கால் பங்கு சம்மதம் வேண்டும். மற்ற பங்குதாரர்கள் மட்டும் கூடிக் கைதூக்கினால் செல்லாது. வெறும் பணம் போட்டவனுக்கே இவ்வளவு பாதுகாப்பு. எஸ்தோனியாவில் ஓட்டை இழந்தவர்களுக்கு, அதைப் பறித்த நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு ஓட்டு கூட இல்லை. அவர்கள் கட்டும் வருமான வரியில் ஒரு பங்கு மட்டும் அதே நகராட்சிக்குத் தவறாமல் போகும்!

"இந்தியாவிலும் பஞ்சாயத்தில் குடிமக்களுக்குத்தானே ஓட்டு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் பந்தியில் இடம் இல்லை என்று வாசலிலேயே சொல்வது வேறு, உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் இலையை உருவுவது வேறு. முப்பது வருடத்துக்கும் மேலாக இருந்த உரிமை அது.

'அங்கே ரஷ்யர்களை நடத்தும் விதம் சரியில்லை' என்பது மாஸ்கோவின் பழைய பல்லவி. அதற்கு இனி ஒரு ஆதாரத்தை எஸ்தோனியாவே கொடுத்துவிட்டது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2029-ல். அதற்குள் குறைந்தபட்சம் நாடற்றவர்களுக்காவது ஓட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஊரில் உனக்கு ஒரு சொல்லும் கிடையாது என்று சொல்லிவிட்டு, ஊருக்கு விசுவாசமாக இரு என்றால் யார் கேட்பார்கள்?