சொட்டுது குழாய்! சும்மா இருக்கலாமா?

குழாயடிச் சண்டை என்றால் நமக்கெல்லாம் சிரிப்பு. போலீஸ் நிலைய வாசலில் நின்று பார்ப்பவனுக்குச் சிரிப்பு வராது. குடத்தில் ஆரம்பித்து, முடியைப் பிடித்து, மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் முடிகிறது. அப்புறம் கேஸ், வாய்தா, அலைச்சல்!

ஏன் சண்டை என்று கேட்டால், "தண்ணி வரலைங்க" என்கிறார்கள். சரி, டேங்கிலிருந்து விட்ட தண்ணி எங்கே போச்சு? அதை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை!

திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். சொட்டு... சொட்டு... என்று ராத்திரி பூரா சத்தம் போட்டுக்கொண்டே திருடுகிறான்!

கணக்குப் பாருங்க

வினாடிக்கு ஒரு சொட்டு. நாலு சொட்டு சேர்ந்தால் சுமார் 1 மில்லி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக 21 லிட்டருக்கு மேலே சாக்கடைக்குப் போகிறது!

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே ஒரே ஒரு ஓட்டைக் குழாய் குடித்துவிடுகிறது.

சோழபுரம் ஆகட்டும், ராஜபாளையம், சீவில்லிபுத்தூர் ஆகட்டும், மேற்கே திரும்பினால் மலை. ராஜபாளையத்துக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கம் இருக்கிறது. அது போதாமல் தாமிரபரணித் தண்ணீரையும் குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீரை வாசலில் விட்டுவிடலாமா?

கை வைத்தியம்

மூடிய பிறகும் வாயில் சொட்டினால் வாஷர் போச்சு என்று அர்த்தம். டேங்க் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியுங்கள். தலையை ஸ்பேனரால் கழற்றினால் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும், பள்ளம் விழுந்து கல் மாதிரி. அதையே கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். சில ரூபாய்தான்!

புது வாஷர் போட்டும் சொட்டினால், உள்ளே வாஷர் உட்காரும் இடம் அரித்துவிட்டது. குழாயையே மாற்றுவது நல்லது.

திறக்கும்போது கழுத்தில் கசிந்தால், அங்குள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். சுவர் மூட்டில் கசிந்தால், குழாயைக் கழற்றி மரையைத் துடைத்து, டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்றி மாட்டுங்கள்.

அரைத் திருப்பில் மூடும் புது மாடலில் வாஷர் கிடையாது. உள்ளேயிருக்கும் பாகத்தையே மாற்ற வேண்டும். எந்தக் குழாயானாலும் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். வாஷர் சாவதே அதனால்தான்!

தெருக் குழாய் யார் பொறுப்பு?

வீட்டுக் குழாய்க்கு நாம் பொறுப்பு. திருகு இல்லாத தெருக் குழாய்க்கு? குச்சியைச் செருகித் துணியைக் கட்டி விட்டிருக்கிறார்களே, அதற்கு?

மேட்டுத் தெருவிலும் கடைசித் தெருவிலும் காற்றுதான் வருகிறது என்றால் இதுவும் ஒரு காரணம். முன்னாலே பத்துக் குழாய் ஒழுகினால் பின்னாலே வேகம் எப்படி இருக்கும்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சப்ளை நின்றதும் பைப்பில் உறிஞ்சல் ஏற்படும். குழாய் வாய் குழியில் மூழ்கிக் கிடந்தால் சாக்கடை உள்ளே போகும். மறுநாள் காலையில் பிள்ளைக்குக் கொடுப்பது அந்தத் தண்ணியைத்தான்!

ஊராட்சிகளும் நகராட்சிகளும் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீர் திறந்துவிடும் ஊழியர் கையில் ஒரு ஸ்பேனர், பையில் கொஞ்சம் வாஷர், மாற்றுக்கு நாலு திருகு கொடுங்கள். புகார் வந்த அன்றே குழாயை மூட வழி பண்ணுங்கள்.

மண்டைக்குத் தையல் போடுவதைவிடக் குழாய்க்கு வாஷர் போடுவது சுலபம்!