கணக்குப் பெட்டி நம் வீட்டிலும் இருக்கட்டும்

சிட்டையும் பேரேடும் துணியில் கட்டிப் பரண்மேல் கிடந்த காலத்தில், பழைய கணக்கு வேண்டுமென்றால் ஏணி வைத்து ஏறினால் போதும். இன்று நம்மவர் பலருடைய கணக்கு கடையிலுள்ள ஒரே கணினியில் அடங்கியிருக்கிறது. சிலருடையது எந்த ஊரிலோ உள்ள கம்பெனியின் பொறுப்பில், சந்தா கட்டும்வரை இருக்கிறது. இவை இரண்டுமே போதா. வீட்டில் 'சர்வர்' எனப்படும் சேமிப்புக் கணினி ஒன்றையும் நம் வியாபாரிகள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்னுக்குரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24க்குக் கெடு 2024 டிசம்பர் 31. ஆக அந்த ஆண்டின் பில்கள் 2030 முடியும்வரை கைவசம் இருந்தாக வேண்டும். அதிகாரி கேட்பது இருக்கட்டும், பாக்கி வைத்தவரிடம் எதைக் காட்டி வசூலிப்பது?

2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பின் நம் பகுதியில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. இணையத்தில் இருந்த கணக்கு இருந்தும் இல்லாததுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீரே புகுந்தது. அதில் தரையில் வைத்த கணினி எப்படிப் பிழைக்கும்? ஆகவே சர்வர் இருக்க வேண்டிய இடம் மாடி அறை. அதுவும் கடற்காற்று நேரே படாத மூலை. உப்புக் காற்றில் செப்புக் கம்பி பச்சை பூப்பது ராயபுரத்தாருக்கும் திருவொற்றியூராருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செலவு பெரிதல்ல. அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினி ரிச்சி தெருவில் கிடைக்கும். ஹார்டு டிஸ்க் மட்டும் புதிதாக இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகப் பதியும்படி அமைக்க வேண்டும். லினக்ஸ் இலவசம். 40 வாட் இழுக்கும் கணினி இரவு பகலாக ஓடினாலும் நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள்தான். ஒரு யு.பி.எஸ். கட்டாயம். ஸ்கேன் செய்த பில்கள், கடைக் கேமராப் பதிவுகள் எல்லாம் அதில் அடங்கும். (எங்கள் வீட்டில் கல்யாண வீடியோக்கள்தான் பாதி இடத்தைப் பிடித்திருக்கின்றன.)

இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று மட்டும் இருந்துவிடக் கூடாது. ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அழியும். மூன்றாவது பிரதியைத் தனி டிஸ்கில் எடுத்து, கழற்றி, தூரத்து உறவினர் வீட்டில் வைப்பதே காப்பு.

இதன் இன்னொரு பயனை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். புதுச் சரக்கு வந்தால் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் கிடங்கில் இறக்குவோமா? கணக்கு மென்பொருளின் புதுப் பதிப்பை மட்டும் விற்றவர் சொன்ன மாத்திரத்தில் நடப்புக் கணக்கிலேயே ஏற்றிவிடுகிறோம். புதுப் பதிப்புக்கு மாறிய கணக்கு பழையதில் திறக்காமல் போவதுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மார்ச் மாதக் கடைசியில் அப்படி நேர்ந்து, இரண்டு நாள் கையால் பில் எழுதினார்கள்.

சர்வருக்குள் 'வர்ச்சுவல் மெஷின்' என்று கணினிக்குள் கணினியாக ஒன்றை உண்டாக்கலாம். கணக்கின் நகலை அதில் போட்டு, புதுப் பதிப்பை ஏற்றி, பத்து பில் போட்டு, வரியும் சரக்கிருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். கெட்டால் நகல்தானே கெட்டது.

சோதனையைச் சாக்காக வைத்துக் காலம் கடத்தவும் கூடாது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற நாசகார நிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை ஏற்றாதவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். இத்தகைய பாதுகாப்புத் திருத்தங்களை இரண்டொரு நாளில் நகலில் பார்த்து உடனே ஏற்றிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாதம் ஒருமுறை அந்தத் தனி டிஸ்கை மாட்டிப் பழைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அது இரண்டாம் சனிக்கிழமை பேரனுடைய வேலை. எந்த பில் என்பதை நான் சொல்வேன், முன்கூட்டிச் சொல்வதில்லை.