கொழுந்துக்கு வைத்த ஜன்னல்

ஹப்புத்தளை தம்பேதென்ன ஸ்டோர் 1890இல் லிப்டன் கட்டியது. பார்க்க வருகிறவர்கள் அதன் நீளத்தையும் ஜன்னல் வரிசையையும் வியந்து படம் எடுக்கிறார்கள். நமக்கும் அது அழகுதான், மறுக்கவில்லை.

ஊவாவின் எந்தப் பழைய ஸ்டோரையும் அண்ணாந்து பாருங்கள். மேல்மாடிகளில் சுவரைவிட ஜன்னல்தான் கண்ணில் படும். நாம் பறித்து நிறுத்துக் கொடுத்த பச்சைக் கொழுந்தை அங்கேதான் பரப்பி வாட்டுவார்கள். ஈரம் இறங்கக் காற்று வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் ஏறுகிறது. கட்டியவர்கள் காற்றின் அருமை தெரிந்தவர்கள்.

அதே துரைமார் காலத்து லயங்களையும் பாருங்கள். 10க்கு 12 அடி காம்பரா, ஒரு கதவு. ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம். புகை போக வழியின்றி நம் அம்மாமார் கண் எரிய அடுப்பு ஊதினார்கள். கொழுந்துக்குக் கிடைத்த காற்று அதைப் பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை.

கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோர் 1996இல் ஹோட்டலானது. மற்றப் பழைய ஸ்டோர்களையும் இடிக்காமல் காக்கட்டும். நமது உழைப்பும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. ஆனால் லயத்தையும் பழைமை என்று சொல்லி, தகரத்தை மட்டும் மாற்றித் தந்தால் நாம் ஏற்கமாட்டோம். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி, கையில் உறுதிப்பத்திரம், காற்று வரும் தனி வீடு. அடுத்த பேச்சுவார்த்தையிலும் இதையே கேட்போம், தோழர்களே. தோட்டக் கமிட்டிகள் ஜன்னலில்லாத காம்பராக்களை எண்ணி, லய இலக்கத்தோடு எழுதி அனுப்புங்கள்.