கவசத்தை வாங்காதீர்கள்

அயர்ன் மேனுக்குப் பிறவியில் வந்த அதிசய சக்தி எதுவும் கிடையாது. 1963இல் காமிக்ஸில் அறிமுகமானபோதும் சரி, 2008இல் திரைக்கு வந்தபோதும் சரி, அயர்ன் மேனாக மாறும் டோனி ஸ்டார்க் தன் முதல் கவசத்தைச் சிறைப்பட்ட இடத்தில், சகக் கைதி ஒருவரின் துணையோடு, கிடைத்த பொருள்களைக் கொண்டே செய்கிறான். அந்த நாயகனின் உடையை மாறுவேடப் போட்டிக்காகப் பிள்ளைக்கு ஆன்லைனில் வாங்கித் தருவது கதையின் உயிரையே விட்டுவிடுவதாகும்.

செய்வதற்குப் பெரிய பட்டறை வேண்டாம். தரையில் விரிக்கும் ஈவிஏ ஃபோம் பாய், கட்டர், செருப்புக் கடை ரப்பர் பசை, ஹீட் கன் போதும். பழைய சட்டைக்கு மேல் மார்பைச் சுற்றி டேப் ஒட்டி, கோடு வரைந்து, வெட்டிப் பிரித்தால் அளவு கச்சிதமாகக் கிடைத்துவிடும். சூடு காட்டினால் ஃபோம் வளையும், ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். பெயின்டுக்கு முன் வெள்ளைப் பசையைச் சில முறை பூச வேண்டும். இல்லாவிட்டால் ஃபோம் வண்ணத்தைக் குடித்துவிடும். தட்டையான துண்டுகள் தோளின் வளைவாக மாறும்போது பிள்ளை கற்கும் வடிவியல், கரும்பலகையில் கற்பதைவிட ஆழமாகப் பதியும்.

கத்தியும் சூடும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பசை, பெயின்ட் வேலைக்கு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அளவெடுப்பதையும் வரைவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். தோள்பட்டை கோணலாக வந்தாலும் நீங்கள் திருத்தாதீர்கள்.