ரிமோட் யாருடைய கையில்?



கச்சான் காற்று தொடங்கினால் அமிர்தகழியில் பேன் இல்லாமல் படுக்க ஏலாது. ரிமோட் பேனை "சோம்பேறிகளுக்குச் செய்த சாமான்" என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் அதை ஏற்கமாட்டோம்.

கணக்கைப் பாருங்கள். பழைய பேன் ஏறக்குறைய 75 வோட்ஸ் இழுக்கும். பீ.எல்.டீ.சி மோட்டார் பூட்டிய ரிமோட் பேனுக்கு 30 வோட்ஸ் அளவு போதும். நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம் கூடுகிற நாட்டில் இது சின்ன விசயமா?

பிழை பேனில் இல்லை, எங்களில்தான். ரிமோட் இருந்தால் மட்டும் மின்சாரம் மிச்சமாகாது. சாதாரண மோட்டாருக்கும் ரிமோட் வைத்து விற்கிறார்கள். பெட்டியில் வோட்ஸ் எத்தனை என்று வாசியுங்கள். பீ.எல்.டீ.சி பேனைப் பூட்டும்போது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். அதோடு சேர்த்துப் பூட்டினால் உள்ளேயுள்ள சர்க்கிட் பழுதாகலாம். ரிமோட்டால் மட்டும் நிறுத்தினால் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே போகும்போது சுவிட்சையும் அணையுங்கள். சொட்டானாலும் வீண்விரயம் வீண்விரயம்தான்.

பெரிய பிழை இன்னொன்று. ஒருநாள் நாங்கள் வீட்டுக்கு வந்தபோது உம்மா வேர்த்துக் குளித்துக்கொண்டு இருந்தா. ரிமோட் மகனின் சட்டைப் பைக்குள். அவன் ரியூசனில். சுவிட்சைப் போட்டால் பேன் சுற்றும் என்று உம்மாவுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாணவருக்குப் பாடம் சொல்லும் எங்கள் வீட்டில்தான் இது நடந்தது.

ரிமோட்டுக்குச் சுவரில் ஒரு தாங்கி அடியுங்கள், வீட்டிலுள்ள மூத்தவரின் கைக்கு எட்டும் உயரத்தில். பேன் வாங்கியது அவர்களுக்கும் சேர்த்துத்தானே?